தவக்காலத்தில் ஒரு கம்ப்ரசர்

பிப்ரவரி 18, புதன்

நெற்றியில் சாம்பலோடு பாடகர் மாடத்துக்கு ஏறினேன். அதற்குள் டிரம்ஸைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். இனி ஈஸ்டர் வரை தவக்காலம், கோயிலில் ஆர்மோனியம் மட்டும்தான். டிரம்ஸ் கூடாது, எலக்ட்ரிக் கிடார் கூடாது. சாமியாருக்கு இது தவம், எங்களுக்கு விடுமுறை. தூத்துக்குடியில் கல்யாணப் பூசை, திருவிழா என்று யாரும் எங்களைக் கூப்பிடாத காலம் இது ஒன்றுதான். இந்த இடைவெளியில் சொந்தப் பாட்டு ஒன்றைப் பதிவுசெய்து ஈஸ்டர் அன்று வெளியிடுவதாக முடிவு.

நாங்கள் மூன்று பேர். பாட்டு டெல்வினுடையது. அவனே பாடி, டிரம்ஸும் அவனே வாசிக்கிறான். ரிதம் கிடார் பெனிட்டா. நடுவில் பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று, நீளத்துக்கு ஒரு கிடார் சோலோ வருகிறது. அதைக் கட்டியது நான், வாசிப்பதும் நான். மிக்ஸிங்கும் என் தலையில்தான். மற்ற இருவருக்கும் டெசிபெல் என்றால் என்னவென்றே தெரியாது.

இன்று சோலோவைப் பதிந்து கேட்டேன். சில ஸ்வரங்கள் முட்டிக்கொண்டு வெளியே வருகின்றன, சில உள்ளேயே அமிழ்ந்துபோகின்றன. கம்ப்ரசர் போட வேண்டும். உரக்க விழுவதை அமுக்கி, மெலிந்து விழுவதைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும் மென்பொருள் அது. பதிவு மென்பொருளோடு இலவசமாக வந்த ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சரி. எனக்கு வேறு வேண்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

சிலுவைப்பாதைக்கு அம்மா மட்டும் போனாள். நான் இணையத்திலிருந்து ஐந்து கம்ப்ரசர் பிளக்இன் இறக்கினேன், பதிவு மென்பொருளுக்குள் செருகிக்கொள்வதற்கு. ஐந்தும் சோதனைப் பதிப்பு. அதில் ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஊமையாகிவிடுகிறது. திருடனைக்கூட இவ்வளவு சந்தேகப்பட மாட்டார்கள்.

பெயரை எழுதி யாருக்கும் விளம்பரம் செய்யப்போவதில்லை. முகப்பின் நிறம் போதும்: நீலம், பச்சை, பழுப்பு, கறுப்பு, மஞ்சள். நீலம் சட்டென்று பிடிக்கும் வகை. பழுப்பு ஏதோ ஒரு பழைய விளக்கு வைத்த கருவியின் நகல், மெதுவாகப் பிடித்து மெதுவாக விடும். மஞ்சள் காலால் மிதிக்கும் பெடல் மாதிரி, இரண்டே குமிழ். கறுப்பில் திரை முழுக்கக் குமிழ். அதைச் செய்தவனுக்கு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கம்பிகளை மாற்றினேன். பழையவை அப்படியொன்றும் தேய்ந்துபோகவில்லை. ஆனால் ஆறாவது பாரில் ஒரு ஸ்வரம் ஒவ்வொரு முறையும் செத்து விழுகிறது. இந்த முறை மெல்லிய கம்பி. அழுத்தச் சுலபமாக இருக்கட்டும் என்று கம்பியின் உயரத்தையும் இறக்கினேன். இப்போது அதே ஸ்வரம் சாகாமல் இரைகிறது.

மத்தியானம் சாளை மீன் குழம்பு. கண்ணாடி டம்ளர் நழுவி உடைந்தது. ஈரமாக இருந்தது.

“இந்த மாசத்துல இது எத்தனாவது?” என்றாள் அம்மா.

கண்ணாடி டம்ளர் வாங்குவதை நிறுத்தச் சொன்னேன்.

பிப்ரவரி 25, புதன்

பைக் கிளட்ச் இறுகிக் கிடக்கிறது. துறைமுக வாசலில் இன்றும் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் என் அம்மாவை விசாரித்தான். ஒர்க்ஷாப்பில் கேபிளை மாற்றச் சொன்னேன். மெக்கானிக் ஒற்றை விரலால் லீவரை இழுத்துப் பார்த்து, “பஞ்சு மாரில்லா இருக்கு” என்றான். மாற்று என்றால் மாற்ற வேண்டியதுதானே. மாற்றினான். இன்னும் இறுக்கம்தான். இப்போது வருகிற கேபிள் எதுவும் தரமில்லை.

மார்ச் 1, ஞாயிறு

நீலத்தைப் போட்டதும் சோலோ அப்படியே எழுந்து முன்னால் வந்து நின்றது. டெல்வினைக் கூப்பிட்டேன்.

“மக்கா, கிடச்சிட்டு.”

“என்னல கிடச்சிட்டு?”

“கம்ப்ரசர்.”

“சே, பொண்ணு கிடச்சிட்டுன்னுல்லா நெனச்சேன். சரி லியோ, சோலோவ அனுப்பு.”

அனுப்புவதற்கு முன் மீட்டரைப் பார்த்தேன். நீலம் எல்லாவற்றையும் மூன்று டெசிபெல் கூட்டி வெளியே விடுகிறது. சத்தம் கூடினால் காது அதை நல்லது என்று சொல்லும். இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். மூன்று மணி நேரம் நான் அந்தக் குழிக்குள் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறேன். சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டால் ஆறாவது பாரில் அதே பிணம், இன்னும் கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டு.

டெல்வின் மறுபடி கூப்பிட்டான். “என்னல, அனுப்பலயா?”

“இல்ல. அது கள்ளச் சாமான்.”

மார்ச் 4, புதன்

பச்சையை அழித்தேன். மஞ்சளையும்.

மார்ச் 7, சனி

பழுப்பை நன்றாக இறுக்கிப் போட்டேன். அமிழ்ந்துகிடந்ததெல்லாம் மேலே வந்தது. ஆறாவது பார் ஸ்வரமும் தலையைக் காட்டியது. அதற்குச் சற்று முன்னால் ஒரு ‘ஸ்ஸ்’. பத்தாவது பாரிலும் ஸ்ஸ். பதினான்கிலும்.

பழைய கருவியின் இரைச்சலையும் சேர்த்து நகலெடுத்திருக்கிறார்கள், ரசனையாம். அதை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. அணைத்தேன். ஸ்ஸ் போகவில்லை. செய்தவர்களுக்குப் படங்களோடு நீளமாக ஒரு புகார் அனுப்பினேன்.

மார்ச் 8, ஞாயிறு

பதில் வந்துவிட்டது. மூலப் பதிவைச் சரிபாருங்கள் என்கிறார்கள். திமிர்.

அவர்கள் முகத்தில் அடிப்பதற்காகவே பிளக்இன்னைக் கழற்றிவிட்டு, வெறும் பதிவின் சத்தத்தை ஏற்றிக் கேட்டேன். ஸ்ஸ் அதிலும் இருக்கிறது. மெலிதாக. சுண்டுவிரலை எட்டி நீட்ட வேண்டிய இடங்களில் மட்டும், நீட்டுவதற்கு ஒரு கணம் முன்பாக. கம்ப்ரசர் மெலிந்ததைத் தூக்கும் என்று சொன்னேன் அல்லவா, அதையும் தூக்கியிருக்கிறது.

ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைத்த மைக் என் வாய்ப்பக்கம் திரும்பியிருந்திருக்கிறது. திருப்பி வைத்தேன். பழுப்புக்காரர்களிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

துறைமுகத்தில் இன்று வீண் சண்டை. கிரேன் ஓட்டும் செல்லத்துரை அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டார். “எடை காட்டுற மீட்டர் பொய் சொல்லுது தம்பி. இந்தப் பெட்டி இம்புட்டு கனக்காது.” மீட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அளவு தெரிந்த இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டுக் காட்டினேன். மீட்டர் சரியாகச் சொன்னது. பெட்டிதான் கனம். அவர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனங்கள் ஏன் எடுத்த எடுப்பில் கருவியையே குறை சொல்கிறார்களோ.

மார்ச் 14, சனி

டெல்வினும் பெனிட்டாவும் வீட்டுக்கு வந்தார்கள். பெனிட்டா ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறாள். பாடல் குழுவில் ஏழாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து நாற்காலி. வாசிப்பு சுத்தம், அவசரமில்லை, ரிதத்துக்கு அது போதும்.

பழுப்பு போட்ட பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “இந்த எடத்துல யாரு ஸ்ஸுங்குதா?”

“மைக்.”

“மைக்குக்கு வாய்ல காரம் பட்டுட்டோ?”

டெல்வின் கட்டிலில் விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்தான். “லியோ, குருத்தோல ஞாயித்துக்கு முந்தி எனக்கு சோலோ வேணும் மக்கா. இல்லன்னா மதுரயில ஒருத்தன் இருக்கான். ஒரே நாள்ல வாசிச்சி அனுப்பிருவான்.”

“நான் கட்டுன சோலோவ எவனோ வாசிப்பானா?”

“அப்பம் நீ வாசில.”

“வாசிச்சாச்சி. கம்ப்ரசர்தான் அமய மாட்டேங்கு.”

பெனிட்டா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். வியர்த்திருந்தது.

“நீ நெறத்தப் பாத்துப் பாத்துக் குறை சொல்லுத,” என்றாள். “அஞ்சயும் எங்கிட்ட தா. பேர மறச்சி நம்பர் போட்டுத் தாரேன். காத மட்டும் வச்சித் தேர்ந்தெடு.”

கண்ணை மறைத்துச் சோதிப்பதுதான் சரியான முறை. அதை நான் சொல்லாமல் அவள் சொன்னதுதான் எரிச்சல். அழித்தவற்றையும் மறுபடி இறக்கி, என் பதிவோடு சேர்த்துக் கொடுத்தேன். சத்தத்தை எப்படிச் சமப்படுத்துவது என்றும் காட்டிக்கொடுத்தேன். ஒருமுறை காட்டினேன், பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 18, புதன்

இப்போதெல்லாம் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். பைக்கில் தூசி. கழுத்துப் பொத்தானை அம்மா போட்டுவிட்டாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவசரம்.

மார்ச் 21, சனி

டெல்வின் வீட்டு மாடியில், மத்தியானம். மூன்று பேரும், ஒரு ஹெட்போனும். நான் கிடாரையும் கொண்டுபோயிருந்தேன். எது தேறினாலும் அங்கேயே அதற்கேற்ப ஒருமுறை வாசித்துப் பதிந்துவிடலாம் என்று.

முதல் கோப்பு மூக்கடைத்த குரல். இரண்டாவது ஒவ்வொரு ஸ்வரம் முடியும்போதும் மூச்சு வாங்குகிறது. மூன்றாவதில் அதே பிணம். நான்காவதைப் போட்டாள்.

ஆறாவது பாரில் அந்த ஸ்வரம் எழுந்து நின்று பேசியது. அடி மழுங்கவில்லை. வால் நீளமாக நின்று, அடுத்த ஸ்வரம் வந்து தொட்டபிறகே இறங்கியது. பத்தாவது பார் வந்தது. ஸ்ஸ் இல்லை. பதினான்கிலும் இல்லை. ஒரு மாதமாக என் தலைக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது முதல்முறையாகக் காதில் கேட்டது. ஹெட்போனைக் கழற்றாமலே கத்தினேன்.

“இதுதான்! பாத்தியா, பிடிக்க வேண்டிய எடத்துல பிடிச்சி, விட வேண்டிய எடத்துல விடுது. இத வச்சவனுக்குத் தொழில் தெரியும். இனி அஞ்சாவதக் கேக்கவே வேண்டாம். எது இது, பழுப்பா?”

டெல்வின் மின்விசிறியைப் பார்த்தான்.

“சொல்லுங்கல.”

“அதுல ஒண்ணும் போடல,” என்றாள் பெனிட்டா.

“ஒண்ணும் போடாம எப்டி இவ்ளோ சமமா வரும்?”

“வாசிச்சா வரும்.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மதுரைக்காரனுக்கு அனுப்பிவிட்டார்களோ என்று டெல்வின் பக்கம் திரும்பினேன். அவன் அவளைக் காட்டினான்.

“நான்தான் வாசிச்சேன்,” என்றாள். “ஒரு வாரமா படிச்சேன். ஒன்ன மாட்டிவிடணும்னு இல்ல லியோ. நான் சொன்னா கேப்பியா? ஒன் காது சொன்னாத்தான கேப்ப.”

ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அவள் கம்ப்ரசரையும் மாற்றி ஆளையும் மாற்றிவிட்டாள். அந்தச் சோதனை செல்லாது. அதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். பஸ் நிறுத்தம் வந்தபிறகுதான் கிடாரை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது.

மார்ச் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

மார்ச் 23, திங்கள்

அவள் பதிவை டெல்வினிடம் கேட்டு வாங்கி, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ போட்டிருக்கிறாள், பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான். ஒன்றும் போடவில்லை.

பிறகு என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிடித்த ஸ்வரங்கள் அவளுடையதைவிடத் திடமானவை. இதைக் குறித்துவைக்கிறேன். மோதிர விரல் பிடித்தவை அதில் பாதி உயரம். சுண்டுவிரல் பிடித்தவை அந்தப் பாதியிலும் பாதி. மேல் கம்பியானாலும் கீழ்க் கம்பியானாலும், புதுக் கம்பியானாலும் பழைய கம்பியானாலும், விரல் வாரியாகப் பிரிந்து நிற்கின்றன.

கம்பிக்கு எந்த விரல் என்று தெரியாது. மைக்குக்கும் தெரியாது.

லேப்டாப்பை மூடினேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஆபீஸ் விட்டு வந்தால் வீட்டில் பெனிட்டா உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் என் கிடார் சாய்ந்திருக்கிறது.

“செருப்ப விட்டுட்டு ஓடுறவனப் பாத்திருக்கேன். கிடார விட்டுட்டு ஓடுறவன இப்பதான் பாக்கேன்.”

நான் பையைக் கழற்றி மூலையில் வைத்தேன்.

“டெல்வின்ட்ட பேசிட்டேன். ஒன் பேர்லயே போட்டுக்குவோம். கட்டுனது நீதான. வாசிச்சது யாருன்னு வெளிய எவனுக்குத் தெரியப்போவுது?”

“ஒனக்கு இதுல என்ன லாபம்?”

“லாபம் பாக்க நான் என்ன மீன் ஏலமா விடுதேன்? நீ டாக்டர்ட்டப் போணும், அதான்.”

“எதுக்கு?”

“லியோ, கிறிஸ்மஸ்ல இருந்து பாக்கேன். சுண்டுவிரல் சுருண்டே கெடக்கு. பாட்டுக்குப் பாட்டு கைய ஒதறுத. முழங்கைய மேசைல வச்சா துள்ளுத.”

“நீ என்ன டாக்டரா?” தெருவுக்கே கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம் போட்டேன்.

“இல்ல,” என்றாள். “பக்கத்து நாற்காலி.”

அடுப்படியிலிருந்து அம்மா, “நல்லாக் கேளும்மா. எங்கிட்ட டம்ளர் சரியில்லங்கான்,” என்றாள்.

இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னேன். மூடவில்லை.

மார்ச் 26, வியாழன்

நரம்பு டாக்டர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். இடது கையின் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு தாளைச் செருகினார். “நான் இழுப்பேன். விடாமப் பிடிங்க.” பல்லைக் கடித்துப் பிடித்தேன். வெண்ணெயிலிருந்து உருவுவதுபோல உருவிக்கொண்டு போய்விட்டார்.

“வழவழன்னு இருக்கு சார் இந்தப் பேப்பர்,” என்றேன்.

மேசையிலிருந்த செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்தார். அதுவும் போனது. அதே துண்டை வலது கையில் செருகி இழுத்தார். தாள் கிழிந்தது, விரல் விடவில்லை.

“ஒரே பேப்பர்தானே,” என்றார்.

அளவு தெரிந்த கட்டியைத் தொங்கவிடுவது என்றால் இதுதான்.

முழங்கைக்குப் பின்னால் ஒரு நரம்பு சிக்கிக்கொண்டிருக்கிறதாம். கையை மடக்கி ஊன்றியே வேலை பார்க்கிறவர்களுக்கு வருமாம். மின்சாரம் கொடுத்து ஒரு சோதனை, தேவைப்பட்டால் ஆபரேஷன். இரவில் முழங்கை மடங்காமலிருக்கப் பட்டை கட்ட வேண்டும். கிடாரை இப்போதைக்குத் தொடக்கூடாது. முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்.

“மறுபடி வாசிக்க முடியுமா?”

“பார்ப்போம்.”

எத்தனை சதவீதம் என்று கேட்டேன். சிரிக்காமல், “பார்ப்போம்” என்றே மறுபடி சொன்னார்.

வெளியே பெஞ்சில் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டோ பிடித்தோம்.

மார்ச் 28, சனி

என் பெயரில் போடக்கூடாது என்று டெல்வினிடம் சொல்லிவிட்டேன். பதினோராவது பாரில் பெனிட்டா தாளத்தை இழுக்கிறாள். நாளைக்கு அந்த இழுவை என் பெயரில் நிற்கும். அது ஒன்றுதான் காரணம்.

“அது ஒண்ணுதானா?” என்றான்.

“அது ஒண்ணுதான்.”

“சரில.”

அதைச் சரிசெய்யாமல் அவள் பெயரிலும் விட முடியாது. காலையிலேயே அவளை வரச்சொல்லி மைக் வைத்தேன். இரண்டாவது முறையும் இழுத்தாள். ஐந்தாவது முறையும் இழுத்தாள்.

“ஏல, ஒரு கம்ப்ரசரப் போட்டுச் சரிபண்ணிக்கயேன்,” என்றாள்.

“கம்ப்ரசர் தாளத்தத் திருத்தாது. வாசி.”

“எப்டித்தான் வேணும் ஒனக்கு? வாசிச்சிக் காட்டு.”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிடாரை என் பக்கம் நீட்டவும் முடியாமல் இழுத்துக்கொள்ளவும் முடியாமல் மடியில் வைத்தபடி இருந்தாள். நான் வாயால் பாடிக் காட்டினேன். என் குரல் கதவு கீல் மாதிரி இருக்கும், கோயிலில்கூட நான் வாய் திறப்பதில்லை. பதினோராவது பாரை நான்கு தடவை பாடினேன். மூன்றாவது தடவை சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வாசித்தது சரியாக விழுந்தது.

பிறகு கம்ப்ரசர். ஒன்றுமே வேண்டாம் போலத்தான் இருந்தது. ஆனாலும் டிரம்ஸோடு உட்கார்வதற்காகப் பழுப்பை ஒரு சொட்டு மட்டும் வைத்தேன், மீட்டர் முள் அசைகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். பழுப்பையே வாங்கியும் விட்டேன். பாட்டின் கீழே போடும் விவரத்தில், லீட் கிடார்: பெனிட்டா கொரைரா. சோலோ அமைப்பும் மிக்ஸிங்கும்: லியோ மொத்தா. டெல்வினுக்கு அனுப்பியாயிற்று.

அவள் போனபிறகு கிடாரைப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டியின் கொக்கி எப்போதுமே கொஞ்சம் கடினம். அம்மாவைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

உயிர்ப்புப் பெருவிழா. கீழே ஜனங்களோடு நின்று பூசை பார்த்தேன். மேலே டிரம்ஸும் கிடாரும் திரும்பி வந்துவிட்டன. கீழிருந்து கேட்டால் டெல்வின் அடிப்பது அநியாயச் சத்தம், இத்தனை வருடமாக யாரும் அவனிடம் சொல்லவில்லை.

பாட்டு காலையில் வெளியாகிவிட்டது. கோயிலுக்கு எதிரே டீக்கடையில் ரொமால்டு அண்ணன் நின்றார். ஊரில் எல்லா விழாவுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். போனைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டே என் தோளில் ஓங்கி ஒன்று போட்டார்.

“லியோ! பாட்டு நடுவுல பிச்சிட்டியே மக்கா. தனியாத் தெரியுதுல்லா ஒன் கை.”

“நான் இல்லண்ணே. பெனிட்டா.”

“எந்தப் பெனிட்டா, நம்ம கொரைரா மவளா? நீ ஏன் வாசிக்கல?”

கடையில் ஐந்தாறு பேர், எல்லாம் தெரிந்த முகம். கிடார் ரிப்பேர் என்று சொல்லலாம். ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று சொல்லலாம். இரண்டையும் நம்புவார்கள்.

“இடது கைக்கு வலு இல்லண்ணே,” என்றேன். “சுண்டுவிரல் நிக்க மாட்டேங்கு.”

அவர் என் கையைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை.

“எப்பம் சரியாவும்?”

“தெரியல.”

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். டீக்கடைக்காரர் நீட்டிய கிளாஸை வாங்கி, சூடு பார்த்து, என் பக்கம் திருப்பினார்.

“இந்தா, வலது கைல பிடி.”

வலது கையில் வாங்கிக்கொண்டேன்.